பஞ்சு ஆம்லெட்! ரகசியம் எண்ணெயில் இல்லை... காற்றில் இருக்கு!

'ஹோட்டல் ஆம்லெட் மட்டும் எப்படிங்க அப்படி 'புஸ்'ஸுனு உப்பி வருது? நாம வீட்ல போட்டா வரட்டி மாதிரி தட்டையாத்தானே வருது!'

முட்டை சாப்பிடும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. அதே முட்டை, அதே வெங்காயம், அதே பச்சை மிளகாய்... ஆனாலும் வாண்டுகள் வீட்டு ஆம்லெட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, 'ஹோட்டலுக்குப் போலாம்மா' என்று சிணுங்குவார்கள்.

'போகட்டும், ருசிதானே!' என்று விட்டுவிடக் கூடிய விஷயமில்லை இது. வளரும் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கிடைக்கிற முதல் தரமான புரதம் முட்டைதான். நடுத்தர அளவு முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பி12, வைட்டமின் டி, மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலின் எல்லாம் போனஸ்! தமிழக அரசின் சத்துணவில் 1989-ல் முட்டையைச் சேர்த்தார்கள் என்றால் சும்மாவா? அந்த முட்டை 'நல்லாயில்லை' என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிலேயே மீந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

இன்னொரு பக்கம், 'ஹோட்டல் மாதிரி வரணும்' என்று வாணலியில் தாராளமாக எண்ணெயைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களும் அதே ஆம்லெட்டைத்தானே சாப்பிடப் போகிறார்கள்!

நல்ல சேதி என்னவென்றால், ஆம்லெட் பஞ்சு மாதிரி வருவதற்கு அதிக எண்ணெய் தேவையே இல்லை. ஆப்ப சோடாவும் வேண்டாம். தேவைப்படுவது கொஞ்சம் காற்று, கொஞ்சம் தண்ணீர், ஒரு சின்ன வாணலி, மிதமான தீ. அவ்வளவுதான்!

முட்டைக்குள் என்ன நடக்குது?

வெள்ளைக்கருவில் 100-க்கு 90 பங்கு வெறும் தண்ணீர்தான். மீதி பெரும்பாலும் புரதம். இந்தப் புரதம், நூல்கண்டு போலச் சுருண்டு சுருண்டு தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருக்கும். மஞ்சள்கருவில் பாதி தண்ணீர். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு, அதற்கு அடுத்தபடியாகப் புரதம்.

முட்டையை முள்கரண்டியாலோ எக் பீட்டராலோ அடிக்கும்போது, அந்த நூல்கண்டுகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. உள்ளே புகும் காற்றைச் சின்னச் சின்னக் குமிழ்களாகச் சிறைப்பிடிக்கின்றன. இதைத்தான் 'நுரை' என்கிறோம்.

இந்த நுரையைச் சூடான வாணலியில் ஊற்றியதும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. குமிழுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிகிறது. அடியில் படும் தண்ணீர் ஆவியாகி மேலே கிளம்புகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும்! இரண்டும் சேர்ந்து ஆம்லெட்டை மேலே தூக்க, அதே நேரத்தில் புரதம் இறுகி அந்த உப்பலை அப்படியே தாங்கிப் பிடிக்கிறது. இட்லி வேகும்போது மாவுக்குள் இருக்கும் காற்று இட்லியைத் தூக்குகிறதே, ஏறக்குறைய அதே சங்கதிதான்.

சரி, அப்போ வீட்டில் ஏன் ரப்பர் மாதிரி ஆகிறது? வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸிலேயே இறுக ஆரம்பித்துவிடும். மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டியாகும். அதற்கு மேலும் தீயைத் தூக்கிவைத்துக் காயவிட்டால், புரதம் மேலும் மேலும் இறுகி, தனக்குள் இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல! தண்ணீர் போனால் மென்மையும் போச்சு. தட்டில் மிஞ்சுவது ரப்பர்தான்.

ஹோட்டலில் என்ன பண்றாங்க?

பல ஹோட்டல்களில் கல் எப்போதும் சூடாகவே இருக்கும். எண்ணெயும் தாராளமாக விழும். சூடான எண்ணெயில் முட்டை விழுந்ததும் ஈரம் சட்டென்று ஆவியாகி, ஓரமெல்லாம் பொரிந்து உப்பிவிடும். கண்ணுக்கு அழகுதான். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள்...

இரண்டு முட்டைக்குச் சுமார் 140 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சுமார் 40 கலோரி. மொத்தம் 180. அதே ஆம்லெட்டில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊறினால் எண்ணெய் மட்டுமே 360 கலோரி. மொத்தம் 500! முட்டை ஒன்றும் குண்டாக்கவில்லை. கூட வந்த எண்ணெய்தான் வேலையைக் காட்டுகிறது.

சில இடங்களில் மைதா, சோடா மாவு என்று கலப்பதும் உண்டு. அமெரிக்காவில் 'ஐஹாப்' என்ற பிரபல உணவகச் சங்கிலி, தன் ஆம்லெட்டில் கொஞ்சம் பான்கேக் மாவு சேர்ப்பதாக மெனு கார்டிலேயே அச்சிட்டிருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வெளியில் ஆம்லெட் கேட்கும்போது, 'மாவு கலக்கறீங்களா?' என்று ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.

எண்ணெய், மாவு எதையும் நம்பாமல் வெறும் நுரையை நம்பியே பேர் வாங்கிய கடையும் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் மோன் சான் மிஷேல் என்ற சின்னத் தீவில், ஆனெத் பூலார் என்ற அம்மாள் 1888-ல் ஒரு விடுதியை ஆரம்பித்தார். அங்கே செம்புக் கிண்ணத்தில் முட்டையை வெகுநேரம் 'டக டக'வென்று அடித்து, நீண்ட கைப்பிடி போட்ட வாணலியில் ஊற்றி, விறகுத் தீயில் காட்டி எடுப்பார்கள். மேகத்தை மடித்துத் தட்டில் வைத்தாற்போல இருக்கும். இந்த ஆம்லெட்டுக்காகவே உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே போகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தென் மாவட்டத்து அசைவ ஹோட்டல்களில் கிடைக்கும் கரண்டி ஆம்லெட்டும் 'மெத் மெத்' ரகம்தான். தோசைக்கல்லில் பரத்தாமல், குழிக்கரண்டிக்குள்ளேயே ஊற்றி வேகவைப்பதால் முட்டைக்குப் பக்கவாட்டில் ஓட வழியில்லை. மேலே எழும்பித்தான் ஆகணும்!

எங்கே தப்பு நடக்குது?

1. தோசைக்கல்: நம் வீடுகளில் ஆம்லெட்டின் முதல் எதிரி இதுதான். இரண்டு முட்டை சேர்ந்தால் சுமார் 90 மில்லி வரும். அது தோசைக்கல்லில் 25 செ.மீ. அகலத்துக்குப் பரவினால் கனம் 2 மில்லிமீட்டர்கூட தேறாது. அதையே 18 செ.மீ. வாணலியில் ஊற்றினால் மூன்றரை மில்லிமீட்டர். ஊற்றும்போதே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம்!

2. அவசர அடி: நாலு சுற்று சுற்றிவிட்டு ஊற்றினால் காற்று எங்கிருந்து வரும்? குறைந்தது ஒரு நிமிஷமாவது அடிக்க வேண்டும்.

3. அடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பது: 'அவர் குளிச்சிட்டு வரட்டும்' என்று அடித்த முட்டையை அப்படியே வைத்தால் நுரை அடங்கிவிடும். அடித்த கையோடு வாணலிக்குப் போயாகணும்.

4. பச்சை வெங்காயம், தக்காளி: உப்புப் பட்டதும் இவை தண்ணீர் விடும். அந்தக் கனத்தில் நுரை அமுங்கிவிடும்.

5. பெரிய தீ: அடி கருகும், மேலே வழவழவென்று நிற்கும். உடனே திருப்பிப் போட்டு அமுக்குவார்கள். தோசைத்திருப்பியால் ஓர் அமுக்கு அமுக்கினால், உள்ளே இருந்த காற்றெல்லாம் 'டாட்டா' காட்டிவிட்டுப் போய்விடும்.

முதல் முறை: தினசரி பஞ்சு ஆம்லெட்

காலை நேரப் பரபரப்பில் ஐந்தே நிமிஷத்தில் செய்யக் கூடியது.

தேவை: முட்டை 2, தண்ணீர் அல்லது காய்ச்சி ஆறிய பால் 1 டேபிள்ஸ்பூன், உப்பு 2 சிட்டிகை, மிளகுத்தூள் கால் டீஸ்பூன், எண்ணெய் அல்லது வெண்ணெய் 1 டீஸ்பூன்.

முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து 15 நிமிஷம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். சில்லென்ற முட்டை சீக்கிரம் நுரைக்காது. உயரமான பாத்திரத்தில் உடைத்து ஊற்றி, தண்ணீர், உப்பு, மிளகு சேர்த்து ஒரு நிமிஷம் நன்றாக அடியுங்கள். எக் பீட்டர் இல்லையா? மோர் கடைகிற சின்ன மத்து போதும். மிக்ஸியில் என்றால் 10, 15 விநாடி. மேலே நுரை ததும்பி, நிறம் கொஞ்சம் வெளுத்தால் சரியான பதம்.

தண்ணீரா, பாலா? தண்ணீர் சேர்த்தால் ஆவி அதிகம் கிளம்பி லேசாக வரும். பால் சேர்த்தால் கொஞ்சம் 'கிரீமி'யாக, மென்மையாக இருக்கும். எதுவானாலும் இரண்டு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூனைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் சொதசொதவென்று ஆகிவிடும்.

வாணலியை மிதமான தீயில் வைத்து எண்ணெயைத் தடவுங்கள். ஒரு சொட்டு முட்டையை விட்டுப் பாருங்கள். கருகாமல், உடனே வெள்ளையாகப் பிடித்தால் சூடு சரி. மொத்தத்தையும் ஊற்றி, பத்து விநாடி அப்படியே விடுங்கள். பிறகு, ஓரத்தில் வெந்த பகுதியை மெதுவாக நடுவுக்குத் தள்ளி, வாணலியைச் சாய்த்தால், வேகாத முட்டை ஓடிவந்து காலியான இடத்தை நிரப்பும். மூன்று, நான்கு பக்கமும் இப்படிச் செய்தால் அடுக்கடுக்காக உயரும்.

இப்போது தீயை 'சிம்'மில் வைத்து மூடி போடுங்கள். ஒன்று முதல் ஒன்றரை நிமிஷம். மூடிக்குள் சுற்றும் ஆவியே மேல்புறத்தை வேகவைத்துவிடும். திருப்பிப் போடவே தேவையில்லை. பாதியாக மடித்து உடனே பரிமாறுங்கள்.

இரண்டாம் முறை: மேக ஆம்லெட்

ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல்! கொஞ்சம் வேலை அதிகம். ஆனால், குழந்தைகள் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள்.

இரண்டு முட்டையின் வெள்ளையையும் மஞ்சளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். முட்டை சில்லென்று இருக்கும்போதே பிரித்தால் மஞ்சள் உடையாது. பிரித்த பிறகு 15 நிமிஷம் மூடி வெளியே வையுங்கள். கிண்ணம் துளி ஈரமோ, எண்ணெய்ப் பசையோ இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும். வெள்ளையில் மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரை வருவதைக் கெடுத்துவிடும்.

மஞ்சள்கருவில் உப்பு, மிளகு, ஒரு டேபிள்ஸ்பூன் பால் கலந்து வையுங்கள். வெள்ளைக்கருவில் உப்புப் போடக் கூடாது. நுரை நிற்காது. அதற்குப் பதிலாக மூன்று, நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். புளிப்பு, நுரையைக் கலையவிடாமல் பிடித்து வைக்கும். அந்த பிரான்ஸ் அம்மாளின் செம்புக் கிண்ணத்தின் மர்மமும் இதேபோன்றதுதான். செம்பு, வெள்ளைக்கருவின் புரதத்தோடு சேர்ந்து நுரையைக் கெட்டியாக்குகிறது என்பதை 1984-ல் ஹெரால்டு மெக்கீ என்ற சமையல் விஞ்ஞான எழுத்தாளரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். நமக்கு எதற்குச் செம்பு? எலுமிச்சம்பழம் இருக்கே!

வெள்ளைக்கருவை எக் பீட்டரால் அடிக்க அடிக்க, எட்டு மடங்கு வரைகூடப் பொங்கும். எக் பீட்டரைத் தூக்கிப் பார்த்தால் நுரை சின்னக் கொம்பு போல எழுந்து, நுனி மட்டும் தலைசாய வேண்டும். அதுதான் பதம். அதற்கு மேலும் அடித்தால் திரிதிரியாகி நீர் விட்டுக்கொள்ளும்.

இந்த நுரையில் மஞ்சள் கலவையை ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டுங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் குமிழெல்லாம் உடைந்துவிடும். அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தாலும் பரவாயில்லை. வாணலியில் ஒரு டீஸ்பூன் வெண்ணெய் உருகியதும் கொட்டிப் பரப்பி, மூடி, சிறு தீயில் மூன்று, நான்கு நிமிஷம். அடி பொன்னிறமாகி, மேலே தொட்டால் விரலில் ஒட்டாமல் இருந்தால் ரெடி. மடித்ததும் சுடச்சுடத் தட்டுக்குப் போகணும். இரண்டு நிமிஷம் ஆறினாலே கொஞ்சம் அமுங்கும். அது இயற்கை. சூடு தணிந்தால் உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கத்தானே செய்யும்!

மூன்றாம் முறை: கரண்டி ஆம்லெட்

கனமான இரும்புக் குழிக்கரண்டி வீட்டில் இருந்தால் விடாதீர்கள். மெல்லிய அலுமினியக் கரண்டி வேண்டாம். சட்டென்று அடி பிடித்துவிடும்.

சின்ன வெங்காயம் நான்கு, பச்சை மிளகாய் பாதி, கறிவேப்பிலை கொஞ்சம். பொடியாக நறுக்கி, அரை டீஸ்பூன் நல்லெண்ணெயில் வதக்கி ஆறவிடுங்கள். ஒரு முட்டையை உப்பு, மிளகு, ஒரு டீஸ்பூன் தண்ணீருடன் நுரைக்க அடித்து, வதக்கியதைக் கடைசியில் கலக்குங்கள். கரண்டியை அடுப்பில் காட்டி அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, காய்ந்ததும் முக்கால் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். பொங்க இடம் வேணுமில்லையா! சிறு தீயில் ஓரம் விட்டு வந்ததும், ஸ்பூனால் நெம்பித் திருப்பிவிடுங்கள். உள்ளே வெந்துவிட்டதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டாமல் வந்தால் ஆச்சு.

கரண்டிக் காம்பு நன்றாகச் சுடும். தடித்த பிடிதுணி அவசியம். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். இரும்புக் கரண்டி இல்லாதவர்கள், குழிப்பணியாரக் கல்லில் இதே கலவையை முக்கால் குழி ஊற்றிச் செய்யலாம். உருண்டை உருண்டையாக வரும். நர்சரி வாண்டுகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

காய்கறி எப்போ சேர்க்கறது?

முட்டையில் இல்லாதவை இரண்டு: நார்ச்சத்து, வைட்டமின் சி. அதனால் காய்கறி சேர்ப்பது ரொம்ப நல்லது. ஆனால், நுரையோடு கலக்காமல், வெந்த பிறகு உள்ளே வைத்து மடியுங்கள். வெங்காயம், குடமிளகாய், காளான், கீரை எதுவானாலும் முதலில் வதக்கி நீரை வற்றவிடுங்கள். தக்காளியின் விதையையும் சாற்றையும் நீக்கிவிடுங்கள். இரண்டு முட்டைக்கு மூன்று டேபிள்ஸ்பூன் போதும். மேலே கொத்தமல்லித்தழை, பக்கத்தில் ஒரு துண்டு ஆரஞ்சோ கொய்யாவோ வைத்தால் சத்து சரிசமம்.

முட்டை நல்லதா?

நுரை நன்றாக வருவதும் உடம்புக்குச் சேருவதும் முட்டையின் தரத்தில்தான் இருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரில் முட்டையைப் போடுங்கள். படுத்துக்கொண்டால் புதுசு. அடியில் நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் பழசு, சீக்கிரம் உபயோகித்துவிடுங்கள். மிதந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் போய், உள்ளே காற்றுப்பை பெரிசாவதால்தான் மிதக்கிறது.

ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, பிறகு மற்றதோடு சேருங்கள். வாங்கியதும் கழுவி அடுக்காதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் இயற்கையான பூச்சு போய், கிருமி உள்ளே நுழைய வழியாகிவிடும். ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பதைவிட உள் தட்டில் வைப்பது நல்லது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். ஓட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மற்ற வேலை.

அரைவேக்காடு வேண்டாமே!

பஞ்சு மாதிரி வரணும் என்பதற்காக நடுவில் கொழகொழவென்று விடுவது ஆபத்து. 'சால்மோனெல்லா' என்ற கிருமி ஓட்டின் மேலே மட்டுமல்ல, சில சமயம் முட்டைக்கு உள்ளேயும் இருக்கக் கூடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி என்று படுத்தி எடுத்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அரைவேக்காட்டு முட்டையைத் தவிர்க்கவே வேண்டும். முட்டை உணவின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் பாதுகாப்பு. வீட்டில் தெர்மாமீட்டர் வைத்தா பார்க்க முடியும்? நடுவில் பிரித்துப் பார்த்தால் திரவமாக எதுவும் ஓடக் கூடாது. அவ்வளவுதான் அளவுகோல். மூடி போட்டுச் சிறு தீயில் வேகவைத்தால் மென்மையும் இருக்கும், முழுசாகவும் வெந்திருக்கும்.

உடைத்து ஊற்றிய முட்டையை மணிக்கணக்கில் வெளியே வைப்பதும் தப்பு. 5 முதல் 60 டிகிரி வரையான சூட்டில் கிருமிகள் குஷியாகப் பெருகும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். வெளியில் சாப்பிடும்போதும், பெரிய பாத்திரத்தில் காலையிலேயே அடித்து வைத்ததை மொண்டு ஊற்றுகிறார்களா, அப்போதே உடைத்துப் போடுகிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

கொலஸ்ட்ரால் பயம்

'முட்டையா? ஐயோ... கொலஸ்ட்ரால்!' என்று அலறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 180 முதல் 200 மி.கி. கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. அத்தனையும் மஞ்சள்கருவில்தான். ஆனால், நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு, சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ராலைவிட, வெண்ணெய், நெய், டால்டா, பாமாயில் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்புதான் அதை அதிகம் ஏற்றிவிடுகிறது.

'ஒரு நாளைக்கு 300 மி.கி.க்கு மேல் கூடாது' என்று இருந்த பழைய வரம்பை, 2015 - 2020 ஆண்டுகளுக்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமானவர்கள் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்று அமெரிக்க இதய சங்கத்தின் 2019-ம் ஆண்டு ஆலோசனைக் குறிப்பு சொல்கிறது. அதற்காக, 'தினமும் நாலு முட்டை ஆம்லெட்' என்று கிளம்பிவிடாதீர்கள்! சர்க்கரை நோய், இதய நோய், பரம்பரையாக அதிக கொலஸ்ட்ரால் உள்ளவர்கள், வாரத்துக்கு எத்தனை என்பதைத் தங்கள் டாக்டரிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது. அவர்களுக்காக ஒரு முழு முட்டையோடு இரண்டு வெள்ளைக்கரு சேர்த்து 'மேக ஆம்லெட்' செய்து கொடுங்கள். வெள்ளை அதிகம் இருப்பதால் இன்னும் நன்றாகவே உப்பும். வெண்ணெய்க்குப் பதில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும்.

சில சந்தேகங்கள்

'ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டா என்னங்க?'

உப்பும்தான். ஆனால், சோப்பு மாதிரி ஒரு வாடை வரும். நிறமும் கெடும். சோடாவில் இருக்கும் சோடியம், பிரஷர்காரர்களுக்கு ஆகாது. காற்று இலவசமாகக் கிடைக்கும்போது சோடா எதற்கு?

'பச்சை முட்டையிலதான் சத்து அதிகமாமே?'

நேர்மாறு. 1998-ல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதம் சுமார் 91 சதவிகிதம் செரிமானமானது. பச்சை முட்டையில் அது 51 சதவிகிதம்தான். தவிர, பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் 'அவிடின்', பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாது. வேகவைத்தால் அவிடின் தன் சக்தியை இழந்துவிடும்.

'பிரவுன் முட்டை வாங்கினா இன்னும் சத்தா?'

ஓட்டின் நிறம் கோழியின் ஜாதியைப் பொறுத்தது. சத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மஞ்சள்கருவின் நிறம் கோழி தின்ற தீவனத்தைப் பொறுத்தது. நாமக்கல்லிலிருந்து வருகிற சாதாரண வெள்ளை முட்டையே தாராளமாகப் போதும்.

'குழந்தைக்கு எந்த வயசுலேர்ந்து கொடுக்கலாம்?'

ஆறு மாதம் முடிந்து இணை உணவு ஆரம்பித்த பிறகு, நன்றாக வெந்த முட்டையைத் துளித் துளியாகப் பழக்கலாம். தடிப்பு, வாந்தி, மூச்சிளைப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே கடுமையான கரப்பான் அல்லது வேறு உணவு அலர்ஜி இருக்கும் குழந்தை என்றால், முதலிலேயே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'டிபன் பாக்ஸ்ல வைச்சு அனுப்பலாமா?'

காலையில் போட்ட ஆம்லெட், சூட்டோடு மூடிய டப்பாவில் வியர்த்து, மதியத்துக்குள் சொதசொதத்துவிடும். சமைத்த முட்டையைச் சாதாரண சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பதும் நல்லதில்லை. காலை டிபனாகவோ, ஸ்கூலிலிருந்து வந்ததும் மாலை டிபனாகவோ கண்ணெதிரே கொடுத்துவிடுங்கள்.

'நான்-ஸ்டிக் வாணலி பரவாயில்லையா?'

எண்ணெய் குறைவாகச் செலவாகும் என்பதால் ஆம்லெட்டுக்கு வசதிதான். ஆனால், காலி வாணலியைப் பெரிய தீயில் காயவிடாதீர்கள். சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். மரக்கரண்டி மட்டுமே உபயோகியுங்கள். பூச்சு உரிந்துபோயிருந்தால் மாற்றிவிடுவது உத்தமம். நன்றாகப் பழக்கிய சின்ன இரும்பு வாணலியும் அருமையாக ஒத்துழைக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்றவைக்கும் முன், அந்தப் பெரிய தோசைக்கல்லை எடுத்து ஓரமாக வையுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தில் டேபிள்ஸ்பூன் கிடந்தால் எடுத்துவிட்டு டீஸ்பூன் போடுங்கள். பிறகு, கையில் மத்தோ எக் பீட்டரோ எடுத்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிஷம் அடியுங்கள். அந்த வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்தாலும் தப்பில்லை. கைக்கும் நல்ல எக்சர்சைஸ்!